அன்னக்கூடையில் கை கழுவிய பள்ளிக்கூடம்

பெரிய சார், அந்தப் பெண்ணின் படிப்பைக் கெடுத்தது நீங்கள்தான்.

சுற்றி வளைத்துச் சொல்ல எனக்கு வராது. எழுதிப் பழகியவளும் இல்லை. படிப்பவர்களுக்கு மட்டும் ஒன்று சொல்லிவிடுகிறேன். எங்கள் செஞ்சியில் தலைமையாசிரியரைப் பெரிய சார் என்றுதான் கூப்பிடுவோம். மற்றவர்களெல்லாம் வெறும் சார். நான் சொல்வது அறுபதுகளில் நடந்தது. நான் எட்டாம் வகுப்பு. சிங்கவரத்திலிருந்து தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு செஞ்சிக்கு நடந்துவந்து படித்தேன். தம்பி மூன்றாம் வகுப்பு. எங்கள் ஊரிலும் பள்ளிக்கூடம் இருந்தது, வாத்தியார்தான் வர மாட்டார். அதனால் அக்காவோடு போகட்டும் என்று அவனையும் என்னோடு அனுப்பிவிட்டார்கள்.

அந்தப் பெண்ணும் எட்டாம் வகுப்புதான். அவள் இருந்த இடத்தை இப்போது காலனி என்கிறார்கள். அப்போது சேரி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், நீங்களும் சொன்னீர்கள். சேரியிலிருந்து எட்டாவது வரைக்கும் வந்த ஒரே பெண் அவள். எட்டாவதுக்கு அப்போது பொதுப்பரீட்சை. அதில் தேறினால் டீச்சர் டிரெயினிங் எடுக்கலாம் என்று அவளுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். அதையே பிடித்துக்கொண்டாள். அவள் வீட்டில் அவளுக்குக் கல்யாணம் பேச ஆரம்பித்திருந்தார்கள். பரீட்சை முடியட்டும் என்று அவள் அப்பாவிடம் சண்டை போட்டு நிறுத்தி வைத்திருந்தாள். அந்த வருஷம் விட்டால் இனி கிடையாது. இது அவளுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும்.

"நான் டீச்சர் ஆனா மொத வேலயா ஒன் தம்பிய முட்டி போட வெப்பேன்" என்பாள். தம்பி அவளைப் பார்த்தாலே நாக்கைத் துருத்துவான்.

நீங்கள் சுத்தக்காரர். அதை நான் மறுக்கவில்லை. வேட்டியில் ஒரு மடிப்பு கலையாது. காலையில் பிரார்த்தனை முடிந்ததும் பிள்ளைகள் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு வெயிலில் நிற்க வேண்டும். நீங்கள் அடிஸ்கேலோடு வரிசையில் வருவீர்கள். அது மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கும் காலமாக இருந்தால் எங்கள் பாடு தீர்ந்தது. விடியற்காலையில் கொல்லையில் மல்லாட்டை ஆய்ந்துவிட்டு வரும் பிள்ளைகளுக்கு நகக்கண்ணில் செம்மண் ஏறி உட்கார்ந்திருக்கும். கல்லில் தேய்த்தாலும் போகாது. நீங்கள் ஸ்கேலின் விளிம்பால் விரல் முட்டியில் போடுவீர்கள்.

"இது கையா, களைக்கொட்டா?"

எல்லாரும் சிரிப்பார்கள். அடி வாங்கினவனும் சிரிப்பான்.

ஆனால் உங்கள் சுத்தம் எது என்று அப்போதே எனக்குக் குழப்பம். எச்சில்தான் உங்களுக்கு அசுத்தம். தண்ணீர்ப் பானைக்கு மேல் ஒரு அலுமினிய டம்ளர் கவிழ்த்திருக்கும். அண்ணாந்து குடிக்க வேண்டும். உதடு பட்டால் அடி. சரி. ஆனால் அந்த டம்ளருக்குப் பிடி கிடையாது. மொள்ளுகிறபோது விரல் அத்தனையும் பானைக்குள் முங்கி எழும். உதட்டைப் பார்க்க ஆள் போட்டீர்கள், விரலைப் பார்க்க ஆள் இல்லை.

சாப்பாட்டுக்கும் அதே கதைதான். மத்தியானம் பாதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் போடும் மஞ்சள் சோளரவை உப்புமா சாப்பிடுவார்கள். என்னைப்போல் தூரத்திலிருந்து வருகிறவர்கள் தூக்குச்சட்டியில் கட்டிக்கொண்டு வந்ததைச் சாப்பிடுவோம். சாப்பிட்டு முடித்ததும் கை கழுவ வாளியில் தண்ணீர் இருக்கும். ஏனென்றால் அது எச்சில் கை. சாப்பிடப் போகிற கையைக் கழுவ வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. காலையில் கோட்டை அகழிப் பக்கம் ஒதுங்கிவிட்டு மண்ணில் தேய்த்த கை, கோலி ஆடிய கை, மூக்குச் சிந்திய கை, எச்சில் தொட்டுச் சிலேட்டை அழித்த கை. அதுவெல்லாம் உங்களுக்குச் சுத்தமான கை. இன்னும் சோறு படவில்லையே.

உங்களை மட்டும் சொல்லக்கூடாது. ஊரே அப்படித்தான் இருந்தது. எங்கள் வீட்டில்கூட அப்படித்தான். நாங்கள் ஜைனர்கள். எங்கள் அம்மா தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டாமல் பானையில் ஊற்ற மாட்டார். வடிகட்டிய துணியைத் திருப்பிக் கிணற்றிலேயே அலசுவார். கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் துணியில் ஒட்டிக்கொண்டு செத்துப்போகக் கூடாது என்பதற்காக. அவ்வளவு பார்க்கிற அம்மாவும், தம்பி தெருவிலிருந்து ஓடிவந்து தட்டின் முன்னால் உட்கார்ந்தால் கையைப் பார்த்ததில்லை.

அந்தக் காலத்தில் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளைக் கொண்டு மந்திரிசபை அமைப்பார்கள். முதல் மந்திரி, உணவு மந்திரி, தோட்ட மந்திரி என்று இருக்கும். என்னை நீங்கள் சுகாதார மந்திரி ஆக்கினீர்கள். தாவணியில் குத்திக்கொள்ள ஒரு அட்டை. பானைப் பக்கத்தில் நின்று யார் உதடு படுகிறது என்று பார்ப்பதுதான் என் இலாகா. வகுப்பில் முதல் மார்க் வாங்கும் அவளுக்கு ஒரு இலாகாவும் கிடையாது. பானைப் பக்கமே வரக்கூடாதவளுக்கு என்ன இலாகா கொடுப்பீர்கள்? அவள் அதற்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொள்ளவில்லை. கிண்டல்தான் செய்வாள்.

"இன்னா மந்திரி, இன்னிக்கு எத்தினி ஒதட்டப் புடிச்ச?"

"போடி."

"ஒரு ஒதடு கூடவா மாட்டல? ஒன் பதவிய புடுங்கிடப் போறாரு, பாத்துக்கோ."

தீபாவளி மழை ஓய்ந்து ஈ மொய்த்துக்கொண்டிருந்த நேரத்தில் ஹெல்த் இன்ஸ்பெக்டர் சைக்கிளில் வந்தார். சுருட்டி வைத்த படம் ஒன்றைச் சுவரில் மாட்டினார். அதில் ஒரு பெரிய கை, பக்கத்தில் பூனையளவு ஒரு ஈ. கிருமி என்று ஒன்று இருக்கிறது, கண்ணுக்குத் தெரியாது, கையில் ஒட்டிக்கொண்டு வாய்க்குள் போய் வயிற்றைக் கெடுக்கும் என்றார். சாப்பிடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், சோப்பு இல்லையென்றால் அடுப்புச் சாம்பல் போதும் என்றார்.

"சார், கிருமி கடிக்குமா சார்?" என்று ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் கேட்டான்.

"கடிச்சா ஒனக்குத் தெரிஞ்சிடும்ல. கடிக்காது, அதான் தொல்ல" என்றார்.

வீட்டில் போய் அம்மாவிடம் சொன்னேன். கண்ணுக்குத் தெரியாத உயிர் என்பது அம்மாவுக்குப் புதிதாக இல்லை. "அதுங்கள சாவடிக்கச் சொல்றாரா?" என்றுதான் கேட்டார். "கையிலேர்ந்து கழுவி உடச் சொல்றாரும்மா." "அப்பிடின்னா சரி" என்றார். மறுநாளிலிருந்து எங்கள் வீட்டில் சாப்பிடும் முன்னால் கையில் தண்ணீர் விட்டோம்.

நீங்களும் மறுநாள் பிரார்த்தனையில் சொன்னீர்கள். இனிமேல் சாப்பிடுவதற்கு முன்னாலும் எல்லாரும் கை கழுவ வேண்டும். நல்ல காரியம். ஆனால் தண்ணீர்? பள்ளிக்கூடத்துக் கிணறு ஆழம். உப்புமா கிண்டும் அம்மா ஒருத்தர்தான் இறைக்கிறவர். ஒவ்வொரு பிள்ளைக்கும் இரண்டு வேளை ஊற்ற அவரால் ஆகாது. அதற்கு நீங்கள் ஒரு வழி கண்டுபிடித்தீர்கள்.

அந்த வழிதான் அன்னக்கூடை. கல்யாண வீட்டில் சோறு கொட்டி வைப்பார்களே, அந்த அகலமான அலுமினியப் பாத்திரம். ஓட்டை விழுந்து ஈயம் வைத்து அடைத்த பழைய அன்னக்கூடை ஒன்று மூலையில் கிடந்தது. அதில் தண்ணீரை நிரப்பிக் கூடத்து வாசலில் வைக்கச் சொன்னீர்கள்.

"வரிசையா வரணும். ரெண்டு கையையும் முக்கணும், எடுக்கணும், போவணும். யாரும் நின்னு வெளையாடக் கூடாது."

பெரிய வகுப்பு முதலில், சின்ன வகுப்பு கடைசியில். நான் முக்கும்போது தண்ணீரின் அடி தெரியும். ஐந்தாம் வகுப்பு வரும்போது செம்மண் கரைத்த மாதிரி இருக்கும். என் தம்பியின் வகுப்பு வரும்போது மேலே சளி மிதக்கும். எழுதக் கூசுகிறது, ஆனால் மிதந்தது. அதில் கையை முக்கி எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டார்கள். அதற்கு முன்னால் ஒவ்வொருவர் அழுக்கு ஒவ்வொருவர் கையோடு நின்றது. நீங்கள் கை கழுவச் சொன்ன பிறகு எல்லார் அழுக்கும் எல்லாருக்கும் வந்தது.

எல்லாருக்கும் என்று சொன்னது தப்பு. சேரிப் பிள்ளைகள் அன்னக்கூடையில் கை வைக்கக் கூடாது. இதை நீங்கள் வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவையே இல்லை, சமையல்காரம்மாவே செய்துவிட்டார். முருங்கை மரத்தடியில் ஒரு நெளிந்த வாளியும் ஒரு கொட்டாங்குச்சியும் தனியாக வைத்தார். பெரிய பிள்ளை என்பதால் அவள்தான் அங்கே மொண்டு ஊற்றினாள். அந்தப் பிள்ளைகள் ஒவ்வொருவராக வந்து கையை நீட்டுவார்கள். அடுப்படியிலிருந்து ஒரு பிடி சாம்பல் அள்ளி வைத்திருப்பாள். ஆளுக்குக் கொஞ்சம் கையில் போட்டுத் தேய்க்கச் சொல்லி மேலேயிருந்து ஊற்றுவாள். இன்ஸ்பெக்டர் சொன்னதைச் சொன்னபடி செய்தது பள்ளிக்கூடத்திலேயே அந்த ஒரு மரத்தடியில்தான். அழுக்கு அவர்கள் கையைவிட்டு வழிந்து முருங்கை வேருக்குப் போனது.

மார்கழி பிறந்ததும் பிள்ளைகளுக்கு வயிற்றால் போக ஆரம்பித்தது. சீதமும் ரத்தமுமாகப் போனது. மூன்றாம் வகுப்பில் பாதி பெஞ்சு காலி. இரண்டாம் வகுப்பில் அதைவிட மோசம். கிணற்றடியில் பெண்கள் அவரவருக்குத் தோன்றியதைச் சொன்னார்கள்.

"பச்ச மல்லாட்டய தின்னா வவுறு கழியாம இன்னா பண்ணும்?"

"நம்ம காலத்துல நாம தின்னலயா? அந்த மஞ்ச உப்புமாதான்டி. கப்பல்ல வந்த மாவு."

"என் புள்ள உப்புமாவே தின்னல. தூக்குதான் கொண்டு போறான். அவனுக்கும்தான் போவுது."

நான் பானையடியில் நிற்கிறவள். எனக்கு எல்லாம் கண்ணில் பட்டது. உப்புமா தின்கிறவனுக்கும் போகிறது, தூக்குக் கொண்டுவருகிறவனுக்கும் போகிறது. முருங்கை மரத்தடிப் பிள்ளைகள் ஒருவர் தப்பாமல் வந்துகொண்டிருந்தார்கள். அவர்களும் அதே உப்புமாதான் தின்றார்கள். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டாம். உங்களிடம் வந்து சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா?

"சார், அன்னக்கூட வேணாம் சார். மொண்டு ஊத்தலாம் சார்."

"அத்தினி தண்ணிய யாரு எறைக்கறது? ஒங்க நைனாவா வருவாரு?"

"சார், தண்ணி ரொம்ப அழுக்கா..."

"ஒதட்டப் பாக்கச் சொன்னா ஒதட்டப் பாரு. பெரிய ஹெல்த் ஆபீசரு இவ."

உங்கள் அறையிலிருந்த இரண்டு சார்களும் சிரித்தார்கள். நான் வெளியே வந்தேன்.

அதன் பிறகு எனக்குத் தெரிந்த ஒன்றைச் செய்தேன். மத்தியானம் வரிசையிலிருந்து தம்பியை இழுத்துக்கொண்டு முருங்கை மரத்தடிக்குப் போனேன்.

"இவனுக்கும் ஊத்து."

அவள் கொட்டாங்குச்சியைக் கீழே வைத்துவிட்டாள். "வேணாம் மந்திரி. யாராச்சும் பாத்தா ஒத எனக்குத்தான்."

"நான் சொல்லிக்கறேன் ஊத்துடி."

"நீ சொன்னா இங்க எவன் கேக்கறான்?"

தம்பி அதற்குள் கையை நீட்டிவிட்டான். அவள் சுற்றிலும் பார்த்தாள். பிறகு சாம்பலைத் தரையில் வைத்து அவனையே எடுத்துக்கொள்ளச் சொன்னாள். கை படாமல் உயரத்திலிருந்து ஊற்றினாள்.

"தேய்டா. நல்லா தேய். நகத்துக்குள்ள இன்னாடா, மல்லாட்ட வெதச்சி வெச்சிருக்கியா?"

அவன் கெக்கெக்கென்று சிரித்தான். வரிசையில் நின்ற பிள்ளைகள் பார்த்தார்கள்.

அந்த வாரமே தம்பி படுத்துவிட்டான். நோய் வயிற்றுக்குள் போய்ச் சில நாள் கழித்துத்தான் வெளியே தெரியும் என்பது எனக்குப் பிற்காலத்தில் தெரிந்தது. அவன் அதை வாங்கியது அன்னக்கூடையில்தான். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் அப்படிக் கணக்குப் பார்க்கவில்லை. நைனா அவனைச் சைக்கிள் கேரியரில் உட்கார வைத்து, விழாமல் இருக்கத் துண்டால் தன் இடுப்போடு கட்டிக்கொண்டு செஞ்சி ஆஸ்பத்திரிக்கு ஓட்டினார். அங்கே கொடுத்த மருந்துக்கும் வயிற்றுப்போக்கு நிற்கவில்லை. இன்னாடா தின்ன, எங்கடா போன என்று அம்மா நச்சரித்ததில் அவன் சொல்லிவிட்டான்.

"சேரிக்கா தண்ணி ஊத்துச்சு."

என் நைனா கெட்டவர் இல்லை. கொசுவைக்கூட ஊதித்தான் விரட்டுவார். ஏர் ஓட்டும்போது மண்புழு வந்தால் எடுத்து வரப்பில் விடுவார். அப்படிப்பட்டவர் அன்று சட்டையை மாட்டிக்கொண்டு உங்களைப் பார்க்க வந்தார். நானும் பின்னாலேயே ஓடி வந்தேன்.

"சார், சேரிப் பொண்ணு என் புள்ளைக்குத் தண்ணி ஊத்தியிருக்குறா. இன்னிக்குப் படுத்த படுக்கையா இருக்குறான்."

அப்போது உங்கள் முகத்தைப் பார்த்தேன் பெரிய சார். அதிர்ச்சி இல்லை, கோபம் இல்லை. நிம்மதி தெரிந்தது. ஊரிலிருந்து பெற்றவர்கள் தினமும் வந்து கத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்குச் சொல்ல உங்களுக்கு ஒரு பதில் கிடைத்துவிட்டது.

"அதான பாத்தேன்" என்றீர்கள். "எங்கேர்ந்து வந்துச்சுன்னு மண்டைய ஒடச்சிக்கினு இருக்கேன்."

நான் குறுக்கே பேசினேன். பெரியவர்கள் பேசும்போது அதற்கு முன்னால் நான் வாய் திறந்ததில்லை. "சார், அவங்கள்ல ஒருத்தருக்கும் வவுத்தால போவல சார். நல்லா இருக்காங்க சார்."

"அதத்தான் நானும் சொல்றேன். கொண்டாந்தவங்களுக்கு ஒண்ணும் ஆவாது."

நைனா தலையை ஆட்டினார். நோய் வந்தால் அவர்கள்மேல் குற்றம். வராவிட்டாலும் அவர்கள்மேல் குற்றம். நைனா என் தோளைப் பிடித்து வெளியே தள்ளினார்.

மறுநாள் பிரார்த்தனையில் அவளை முன்னால் கூப்பிட்டீர்கள். எல்லாப் பிள்ளைகளும் கையை நீட்டியபடி நின்றிருந்தோம்.

"சேரியிலேர்ந்து வியாதி கொண்டாந்தது நீதான். இது நிக்கற வரைக்கும் நீ வர வேணாம்."

"பரிச்ச சார்?" என்றாள். அது ஒன்றைத்தான் கேட்டாள்.

"வியாதி நிக்கட்டும். பாக்கலாம்."

அவள் உள்ளே போய்ப் புத்தகங்களை எடுத்துக்கொண்டு வந்தாள். என்னைக் கடக்கும்போது நின்றாள். என்னைத் திட்டப் போகிறாள் என்று நினைத்தேன். "மத்தியானம் சின்னப் பசங்களுக்கு நீ ஊத்து மந்திரி. அதுங்களுக்கு மொள்ளத் தெரியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். அன்று மத்தியானம் முருங்கை மரத்தடிக்குப் போனேன். சமையல்காரம்மா கையில் உப்புமா கிண்டும் துடுப்போடு வந்து நின்றார். "ஒங்கப்பா சொல்லிட்டுப் போயிருக்காரு. அந்தாண்ட போவாத." அந்தப் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் தாங்களே ஊற்றிக்கொண்டு பாதியைக் காலில் கொட்டினார்கள். நான் பானையடியில் நின்று உதடுகளைப் பார்த்தேன்.

பொங்கலுக்கு முன்னால் ஹெல்த் இன்ஸ்பெக்டர் மறுபடி வந்தார். இத்தனை பிள்ளைகள் ஆஸ்பத்திரிக்குப் போகிறார்கள் என்று அவருக்குச் செய்தி போயிருந்தது. மத்தியான நேரம். அன்னக்கூடையைப் பார்த்தார். ஒரு குச்சியால் கிளறினார்.

"எல்லாருமா இதுலயே முக்கறாங்க?"

"நீங்க சொன்ன மாதிரிதான், சாப்புடறதுக்கு முன்னாடி..." என்றீர்கள்.

"ஏன் சார், இப்பிடி முக்கினா ஒருத்தன் வியாதி அத்தினி பேருக்கும் போவாதா? மொண்டு ஊத்தணும் சார். கையில பட்ட தண்ணி திரும்பவும் பாத்திரத்துக்கு வரவே கூடாது."

எனக்கும் அவருக்கும் நடுவில் அந்தப் பானைதான் இருந்தது. ஒவ்வொரு சொல்லும் கேட்டேன். நீங்களும் கேட்டீர்கள். உங்கள் முகம் சுருங்கியதைப் பார்த்தேன். நீங்கள் முட்டாள் இல்லை பெரிய சார். அந்த நிமிஷத்தில் உங்களுக்குப் புரிந்துவிட்டது.

அவருக்குக் காப்பி வாங்கிக் கொடுத்து அனுப்பினீர்கள். நான் பின்பக்கமாக ஓடி ரோட்டில் அவர் சைக்கிளை மறித்தேன். மூச்சு வாங்க எல்லாம் சொன்னேன். அந்தப் பெண், கொட்டாங்குச்சி, வியாதி நிற்கும்வரை வராதே என்றது, பரீட்சை. அவர் ஒரு காலை ஊன்றிக்கொண்டு முழுவதும் கேட்டார். நல்ல மனுஷன்தான்.

"அது ஸ்கூல் விஷயம்மா. நான் கிருமிய மட்டும்தான் பாக்க முடியும்" என்றார். பெடலை மிதித்துப் போய்விட்டார்.

பொங்கல் லீவு முடிந்து போனால் அன்னக்கூடையைக் காணோம். கிணற்றடியில் கைப்பிடி வைத்த தகர மக்குகள். ஏழாவது, எட்டாவது படிக்கும் பையன்கள் முறை வைத்துத் தண்ணீர் இறைத்தார்கள். யார் இறைப்பது என்று என்னைக் கேட்டீர்களே, ஒரே நாளில் ஆள் கிடைத்துவிட்டது. ஒருவர் மொண்டு ஊற்ற, ஒருவர் கை நீட்டினார். சாம்பல்கூட ஒரு சட்டியில் வைத்திருந்தீர்கள். முருங்கை மரத்தடியில் அவள் செய்ததை அப்படியே எடுத்துப் பள்ளிக்கூடம் முழுவதற்கும் வைத்துவிட்டீர்கள். சேரிப் பிள்ளைகளுக்கு மட்டும் வாளி அதே மரத்தடியில்தான் இருந்தது.

வயிற்றுப்போக்கு நின்றது. தம்பி கழுத்து நீண்டு, கால் குச்சியாகித் திரும்பி வந்தான். ஆனால் வந்துவிட்டான். நான் உங்கள் அறை வாசலில் வந்து நின்றேன்.

"சார், வியாதி நின்னுடுச்சு சார்."

"அதுக்கு?"

"அந்தப் பொண்ண வரச் சொல்லட்டுமா சார்?"

நீங்கள் தலை நிமிரவில்லை. "நீ ஒன் பரிச்சையப் பாரு."

அவள் அப்பா வந்தார். பள்ளிக்கூட வேலிக்கு வெளியே நின்றார். உள்ளே கூப்பிட ஆளில்லை. நாளைக்கு வா என்று சொல்லியனுப்பினீர்கள். மறுபடி வந்தார். அடுத்த வாரம் என்றீர்கள். கடைசியாக வந்தபோது நீங்களே வேலிவரைக்கும் போனீர்கள். "பரிச்சைக்குப் பேரெல்லாம் மேல போயிடுச்சுப்பா. இனிமே என் கையில ஒண்ணும் இல்ல" என்றீர்கள். அவர் கும்பிட்டுவிட்டுப் போனார். கும்பிட்டார் பெரிய சார். அது எனக்கு இன்றைக்கும் பொறுக்கவில்லை.

வீட்டில் அம்மாவிடம் அழுதேன். அம்மா முறத்தை வைத்துவிட்டு என்னையே பார்த்தார். "எனக்கும் புரியாம இல்ல. ஒங்க நைனாகிட்ட இதப் போய் யாரு சொல்றது? நீ வாய மூடிக்கினு பரிச்ச எழுது" என்றார். எழுதினேன். தேறினேன். அவளுக்கு அந்த வைகாசியில் வல்லம் பக்கம் கல்யாணம் ஆயிற்று.

எனக்கும் ஆயிற்று. திண்டிவனத்துக்குப் போனேன். பல வருஷம் கழித்து அனந்தபுரம் பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். மல்லாட்டை ஆயப் போகும் பெண்களோடு ஏறினாள். எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை.

"இன்னா மந்திரி, இப்ப எந்தக் கட்சி?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூக்கைப் புறங்கையால் துடைத்தேன். பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தாள். "சுகாதார மந்திரி மூக்கத் தொடைக்கற அழகப் பாரு! எறங்கினதும் கையக் கழுவு." அதற்கு மேல் பழசு எதையும் பேச அவள் விடவில்லை. அவள் ஊர் வந்ததும் இறங்கிவிட்டாள். நான் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டேன். திரும்பாமல் கையை மட்டும் ஆட்டினாள்.

நீங்கள் அதற்குப் பிறகு பெரிய ஆளாகிவிட்டீர்கள். சோப்பும் குழாயும் வருவதற்கு முன்னாலேயே பிள்ளைகளுக்கு மொண்டு ஊற்றிக் கை கழுவப் பழக்கிய பள்ளிக்கூடம் என்று உங்கள் பள்ளிக்கூடத்துக்குப் பேர் வந்தது. அதற்காக உங்களுக்குச் சால்வை போட்டார்கள், மெடல் கொடுத்தார்கள். இப்போது உங்களுக்குத் தொண்ணூறு வயது நெருங்குகிறது. வருகிற மாதம் பழைய மாணவர்கள் சேர்ந்து செஞ்சியில் உங்களுக்கு விழா எடுக்கிறார்கள். எனக்கும் அழைப்பு வந்தது. அதில் உங்களை, ஊருக்குக் கை கழுவக் கற்றுக்கொடுத்த ஆசான் என்று போட்டிருக்கிறார்கள்.

அதைப் படித்துவிட்டுத்தான் வல்லத்துக்குப் போய் அவளைத் தேடிப் பிடித்தேன். கண் மங்கிவிட்டது. பேச்சு மங்கவில்லை. இதை எழுதப் போகிறேன் என்று சொன்னேன்.

"என் பேரப் போடாத" என்றாள்.

"போடல. இன்னா எழுதணும், சொல்லு."

அவள் சொன்னாள்: "சேரிப் பொண்ணு வியாதி கொண்டாந்தான்னு அத்தினி புள்ளைங்க முன்னாடி சொன்னாரு. இன்னி வரைக்கும் இல்லன்னு சொல்லல. நீ எழுதி இன்னா ஆவப் போவுது? அவுரு வாயால சொல்லட்டும்."

அவள் சொன்னது சரி. என்னால் ஒன்றும் ஆகாது. அன்றும் ஆகவில்லை. சைக்கிளை மறித்தேன், உங்கள் வாசலில் நின்றேன், நைனா முன்னால் பேசினேன். ஒன்றும் நடக்கவில்லை. அவளுக்குப் போன பரீட்சையை இனி யாரும் திருப்பித் தர முடியாது. நீங்கள் சொல்ல வேண்டிய ஒரு வார்த்தை மட்டும்தான் பாக்கி. அதுவும் நீங்கள் இருக்கும்வரைதான்.

விழாவுக்கு நான் வருவேன். முன்வரிசையில் உட்காருவேன். அன்றைக்குக் கை நீட்டி நின்ற பிள்ளைகள் அங்கே எத்தனையோ பேர் இருப்பார்கள், எல்லாருக்கும் தலை நரைத்திருக்கும். அவர்கள் முன்னால் சொல்லுங்கள். அன்னக்கூடையை ஏன் எடுத்தீர்கள்? எடுத்த அன்றே தெரிந்துவிட்டதே, அவளை ஏன் கூப்பிடவில்லை? ஆள் அனுப்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டாம். உங்கள் பிள்ளைகளை விட்டு எனக்குப் போன் போடச் சொல்லவும் வேண்டாம். உங்கள் குரல் இன்னும் நன்றாக இருக்கிறது என்று கேள்விப்பட்டேன். அவளை ஊர் முன்னால்தான் நிறுத்தினீர்கள். ஊர் முன்னாலேயே பதில் சொல்லுங்கள், பெரிய சார்.